சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல்

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து, யாரோடும் ஒரு சண்டைகூடப் போடாமல் இருபத்தோரு வயதை எட்டியவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருகிறவர்களுக்குக் குறிப்பு வேண்டுமே என்று எழுதி வைக்கிறேன். கூடப் பிறந்த அக்காவோடுகூட நான் சண்டை போட்டதில்லை. அவள் என்னோடு போட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். சண்டை ஒரு மாடு. முட்ட வரும்போது சிரிக்க வைத்துவிட்டால் முட்டாது. மாடு சிரித்து யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். முறை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே, மூன்றாம் ஆண்டில் புதன்கிழமைதோறும் மதியம் இரண்டு மணி நேரம் ‘முரண்பாடு தீர்த்தலும் குழுப்பணியும்’ என்று ஒரு பாடம் முளைத்தபோது, நீந்தத் தெரிந்த மீனுக்கு டியூஷனா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. கேன்டீன் சுவரில் திங்கள்தோறும் நான் ஒட்டும் ‘தலைகீழ்’ என்கிற ஒரு தாள் பத்திரிகையில் எழுதவும் செய்தேன். அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர், ஓவியர், பசை தடவுபவர் எல்லாம் நான்தான்.

பாடம் நடத்த வந்தவர் தற்காலிக வேலையில் இருந்த ஒரு மேடம். எங்களைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். உள்ளே வந்ததும் “எல்லாரும் வட்டமா உக்காருங்க” என்பார். பெஞ்சுகள் தரையோடு திருகி வைக்கப்பட்டவை. வட்டமாக உட்கார வழியே கிடையாது. வாரம் தவறாமல் சொல்வார், வாரம் தவறாமல் நாங்கள் நீள்சதுரமாக உட்காருவோம். அவருக்குப் பெயர் ‘வட்டம்’ என்று நின்றுவிட்டது.

வட்டம் முதல் மாதம் முடிச்சு விளையாட்டு வைத்தார். எட்டுப் பேர் நெருக்கமாக நின்று, எதிரில் நிற்கிற இரண்டு பேரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு கையை விடாமல், பேசிப் பேசியே முடிச்சை அவிழ்க்க வேண்டும். எங்கள் முடிச்சு மூன்று மணிக்கு விழுந்தது. மூன்றே முக்காலுக்கும் அப்படியே இருந்தது. நடுவில் ஜெராக்ஸின் சட்டைப் பொத்தானில் ஒருவனின் கைக்கடிகாரம் மாட்டிக்கொண்டது. கூட்டிப் பெருக்கும் அம்மா வந்து, “காலைத் தூக்குங்க” என்று எங்கள் அடியில் பெருக்கிவிட்டுப் போனார். கடைசியில் வட்டம் கண் கலங்காத குறையாக, “சரி, கையை விட்டுருங்கப்பா” என்றார். ‘விடுவதுதான் தீர்வென்றால் பிடிக்கச் சொன்னது ஏன்?’ என்று அந்தத் திங்கள் ‘தலைகீழ்’ கேட்டது. மூன்று துறைக்காரர்கள் வந்து படித்தார்கள்.

ஜெராக்ஸ் யாரென்று சொல்லவில்லையே. எங்கள் நில அளவைச் செய்முறையில் அணிக்கு மூன்று பேர். முக்காலியில் நிற்கிற சின்னத் தொலைநோக்கி ஒன்று உண்டு, அதற்கு லெவல் என்று பேர். அதை ஒருவன் பார்க்க வேண்டும். தூரத்தில் எண் எழுதிய நாலு மீட்டர் கோலை நேராக நிறுத்தி ஒருவன் பிடிக்க வேண்டும். மூன்றாமவன் அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதுபவன் ஜெராக்ஸ்; சொந்தமாக ஒரு வரி எழுதியதில்லை, யார் சொன்னாலும் அப்படியே எழுதுவான். பார்ப்பவன் நான். கோல் பிடிப்பவன் நெட்டை.

நெட்டை என் அறைத் தோழன். இரண்டு கட்டில், ஒரு வாளி, மூன்று வருஷம். ஆறடி இரண்டு அங்குலம் இருப்பான், பேச்சு மட்டும் அரையடி. முதல் செய்முறை வகுப்பில் நான் லெவலைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனேன். மிச்சம் கிடந்த கோலை அவன் எடுத்துக்கொண்டான். அதன்பிறகு யாரும் மாற்றவில்லை. மூன்று வருஷமாக நான் நிழலில், அவன் வெயிலில். உயரமாக இருப்பவன் உயரமானதைப் பிடிப்பதுதானே முறை என்று நான் நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எதுவுமே நினைக்கவில்லை.

ஒரு வாரம் பத்திரிகைக்குச் சரக்கு இல்லை. ‘கோல்கள் இரண்டு’ என்று எழுதினேன். ‘எங்கள் அணியில் இரண்டு கோல்கள். ஒன்றின் மேல் எண்கள் இருக்கின்றன, அதனால் பயன் உண்டு. மற்றது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வெயிலில் அசையாமல் நிற்கப் பட்டப்படிப்பு எதற்கு? தெருவிளக்குக் கம்பம் எந்தக் கல்லூரியில் படித்தது?’ கூடவே ஒரு படம். கம்பத்துக்கு நெட்டையின் மீசை.

கேன்டீனே சிரித்தது. நெட்டை என் பக்கத்தில் நின்றுதான் படித்தான். அவனும் சிரித்தான். “நல்லாருக்குடா” என்றான்.

அதோடு அவன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

பேசவில்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இல்லை. வாளியை முதலில் எனக்கு விடுவான். கொடியில் காயும் என் சட்டையை எடுத்து மடித்துக் கட்டிலில் வைப்பான். வாய் மட்டும் திறக்கவில்லை. நான் சொன்ன வேடிக்கை எதுவும் பலிக்கவில்லை. கேட்டுவிட்டு, காற்று வந்தால் ஜன்னலைப் பார்ப்பது மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பான். மாடு முட்டவும் இல்லை, நகரவும் இல்லை. இதற்கு என்னிடம் முறை இல்லை.

அடுத்த செய்முறையில்தான் அது அளவிலேயே தெரிந்தது. வாசலில் இருக்கும் குறிக்கல்லில் தொடங்கி, மைதானத்தைச் சுற்றி, இடத்துக்கு இடம் உயரம் எடுத்து, அதே கல்லில் வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய உயரமும் முடித்த உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் மன்னிப்பார்கள். எங்களுக்கு முப்பத்தேழு சென்டிமீட்டர் உதைத்தது.

“காலைல இருந்த கல்லு மத்தியானத்துக்குள்ள முக்காமுழம் எறங்கிடுச்சா?” என்றார் துறைத்தலைவர்.

“இருக்கலாம் சார். தலைக்கனம் அதிகமான கல்லு” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நெட்டையைப் பார்த்தார். “ஏம்ப்பா, நடுவுல கோலை நகத்துனியா?”

“தண்ணி லாரி வந்துது சார். நகரச் சொன்னாங்க. நகந்தேன்.”

லெவலை ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தூக்கிப் போகும்போது கோல் நின்ற புள்ளியிலேயே நிற்க வேண்டும். அரையடி தள்ளினாலும் கணக்கு முழுவதும் போச்சு. மூன்று வருஷத்தில் எத்தனையோ லாரி வந்திருக்கிறது. “டேய், நகத்துறேன்டா, மறுபடி பாரு!” என்று அந்தக் கோடியிலிருந்து கத்துவான். இந்த முறை கத்தவில்லை.

“நகந்தேன்னு இவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?”

நெட்டை கோலின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

“உங்க ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?”

“தகராறே இல்ல சார்” என்றேன். நான்தான் யாரோடும் சண்டை போட்டதில்லையே.

துறைத்தலைவர் நேராக வட்டத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த புதன்கிழமைப் பயிற்சிக்கு வட்டம் எங்கள் இருவரையும் எதிரெதிராக உட்கார வைத்தார்.

பயிற்சி இதுதான்: கையில் டஸ்டர் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். மற்றவர் பதில் சொல்வதற்கு முன்னால், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமா, அதான்” என்று டஸ்டர்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பேச்சு. முந்தின வாரம் வட்டம் இதை விளக்கியதுமே பத்திரிகையில் எழுதிவிட்டேன்: ‘நாலு வருஷப் பட்டப்படிப்பைக் கூண்டுக்கிளி இலவசமாக முடிக்கிறது.’

பக்கத்து ஜோடிகள் எல்லாம், “நீ என் கால்குலேட்டரைத் திருப்பித் தரல”, “நான் உன் கால்குலேட்டரைத் திருப்பித் தரல”, “ஆமா, அதான்” என்று கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. நெட்டை டஸ்டரை இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்தான். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். வட்டம் வந்து, “நேரம் எடுத்துக்கோப்பா” என்று சொல்லிவிட்டு, பயந்துபோய் நகர்ந்துவிட்டார்.

“எங்கப்பா சர்வே ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷமா கோல் பிடிக்கிறார்” என்றான் நெட்டை. டஸ்டரைப் பார்த்துத்தான் பேசினான். “எல்லா ஆபீசரும் அவரைக் கோலுன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு தடவைகூட லெவலுக்குள்ள பாத்ததில்ல. நீயாவது அந்தப் பக்கம் நின்னு பாருடான்னு அனுப்பி வெச்சார். மூணு வருஷம் ஆச்சு. நான் இன்னும் பாக்கல.”

நான் இதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. கிளி செய்கிற வேலை. எல்லாரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. வாயைத் திறந்தேன். வாய் தன் பழக்கத்துக்கு வேலை செய்தது.

“அப்போ பரம்பரைத் தொழில்னு சொல்லு.”

பின்பெஞ்சிலிருந்து ஜெராக்ஸ் சிரித்தான். அவன்மேல் தப்பில்லை. நான் பேசினால் சிரிக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகப் பழக்கி வைத்தது நான்தான்.

நெட்டை டஸ்டரை மேசையில் வைத்தான். எறியவில்லை. ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நேராக்கி வைத்தான். பிறகு குனிந்து கதவைத் தாண்டிப் போனான். அவனுக்கு எல்லாக் கதவிலும் குனிய வேண்டும்.

சாயந்தரம் அறைக்குப் போனபோது அவனுடைய டிரங்குப் பெட்டியில் கயிறு கட்டியிருந்தது. சனிக்கிழமை மாடி அறைக்கு மாறுகிறானாம். அணி மாற்றக் கேட்டும் கடிதம் கொடுத்தாயிற்றாம். ஜெராக்ஸ்தான் சொன்னான். “வெள்ளிக்கிழமை டெஸ்ட் முடிஞ்சதும் மாத்தித் தரேன்னு சார் சொல்லிட்டாராம். ஏன்டா, நெஜமாவே அவங்கப்பா…?”

“ஆமா.”

“உனக்குத் தெரியாதா? ரூம்மேட்தானே நீ?”

தெரியாது. அவன் அப்பா மாதம் ஒருமுறை போன் செய்வார். நான் எடுத்தால் குரலை மாற்றி, “விடுதிக் காப்பாளர் பேசுகிறேன்” என்று மிரட்டுவேன். அவர் நிஜமாகவே எழுந்து நின்று பேசுவது போல, “சொல்லுங்க ஐயா” என்பார். நெட்டை சிரித்துக்கொண்டே போனைப் பிடுங்குவான். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகாமல் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முதல் கடிதம் மூன்று பக்கம். படித்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. கிழித்தேன். இரண்டாவது, ‘மதிப்பிற்குரிய கம்பம் அவர்களுக்கு’ என்று தானாகத் தொடங்கியது. மூன்றாவதில் ‘நான் செய்தது தவறு’ என்று ஒரே வரி எழுதினேன். அதையும் யாரோ கேலிக்காக எழுதியது மாதிரி இருந்தது. என் கையெழுத்தை நம்ப எனக்கே மனம் வரவில்லை.

வேறு வழி தெரியாமல் வட்டத்தைத் தேடிப் போனேன். நூலகத்துக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகள் அடுக்கிய ஒரு அறையில் உட்கார்ந்து எங்கள் பயிற்சி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மேசையின் கண்ணாடிக்கு அடியில் என் கிளிக் கட்டுரை மடங்காமல் வைக்கப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

“நல்லா எழுதறே” என்றார்.

“மேடம், அந்தத் திருப்பிச் சொல்றது… அது நெஜமா வேலை செய்யுமா?”

சிவப்புப் பேனாவை மூடினார். யோசித்தார். “எனக்குத் தெரியாதுப்பா. நானும் என் தங்கச்சியும் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்புறம் எப்படிச் சொல்லித் தர்றீங்க?”

“பாடத்திட்டத்துல இருக்கு.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்கத்தக்க பதில்தான், ‘தலைகீழ்’ ஒரு மாதத்துக்கு ஓடும்.

“ஒருநாள் போன் பண்ணி அவ சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம்னு நெனைப்பேன்” என்றார் வட்டம். “என்ன சொன்னான்னே மறந்துபோச்சு. நான் என்ன சொன்னேன்கிறதுதான் ஞாபகம் இருக்கு.” பேனாவைத் திறந்து மறுபடி திருத்தத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை செய்முறை டெஸ்டுக்குக் காலை ஏழு மணிக்கே கருவி அறை வாசலில் நின்றேன். கருவிகளை எடுத்துக் கொடுக்கும் அண்ணன் என்னைப் பார்த்ததும், வழக்கம்போல லெவல் பெட்டியை நீட்டினார்.

“அது வேண்டாண்ணே. கோலைக் குடுங்க.”

“கையெழுத்துப் போடணும், நெட்டைக்குத்தானே?”

“எனக்குத்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “என்னடா, அடுத்த கட்டுரையா?”

என்னைப் பற்றி ஊர் வைத்திருக்கிற அபிப்பிராயம் அது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோலைத் தோளில் வைத்தேன். மூன்று வருஷத்தில் முதல்முறை. அது இவ்வளவு கனம் என்று தெரியாது.

நெட்டை வந்தான். என் தோளில் கோலைப் பார்த்தான். வராந்தாவில் தனியாகக் கிடந்த லெவல் பெட்டியைப் பார்த்தான். அவனும் அடுத்த கட்டுரை என்றுதான் நினைத்திருப்பான். பெட்டியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தைத் தாண்டி வெயிலிலேயே போய் நிறுத்தினான். அடித் திருகுகளைத் திருப்பி, மட்டம் காட்டும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு கண்ணை வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. ஜெராக்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “எண்ணைச் சொல்லுடா, எண்ணைச் சொல்லுடா” என்றான். இத்தனை தூரத்தில் எனக்கே அது கேட்டது.

நான் குறிக்கல்லின் மேல் கோலை நிறுத்திப் பிடித்திருந்தேன். கோல் பிடிப்பது சும்மா நிற்பது என்று யாராவது எழுதியிருந்தால், அவன் பிடித்ததில்லை என்று அர்த்தம். சும்மா நின்றால் கோல் சாய்கிறது. மூச்சு விட்டால் சாய்கிறது. பத்து நிமிஷத்தில் தோள்பட்டையில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். கணுக்காலில் எறும்பு ஏறுகிறது, கையை எடுக்க முடியாது. இத்தனையும் தூரத்தில் ஒருவன் ஒரு எண்ணைப் பார்ப்பதற்காக. அவன் பார்ப்பது உன்னை இல்லை.

மூன்றாவது புள்ளி கேன்டீன் ஓரம். முதலாமாண்டுப் பையன்கள் நாலு பேர் போனார்கள். ஒருவன் சத்தமாக, “அண்ணே, வெயில்ல அசையாம நிக்கப் பட்டப்படிப்பு எதுக்குண்ணே?” என்றான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வரி ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. நான் எழுதியதிலேயே ஊர் மனப்பாடம் செய்தது அது ஒன்றுதான். பதிலுக்கு நாலு நல்ல வரிகள் நாக்கு நுனி வரை வந்தன. கோல் சாய்ந்துவிடும் என்று சும்மா இருந்தேன்.

நெட்டை எண்ணை எடுத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். இந்தப் புள்ளியில் பார்த்தாயிற்று, கருவியை மாற்றுகிறேன், நீ அசையாதே என்று அர்த்தம். முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் பக்கமாக வந்தான். கருவி அடுத்த இடத்துக்குப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜெராக்ஸ் புத்தகத்தில் மூக்கை வைத்தபடி பின்னால் எங்கோ வந்தான்.

நான் நகர முடியாது. சிரிக்க வைத்துவிட்டு ஓடவும் வழி இல்லை. கோலின் முகத்தை அவன் போகப்போகிற பக்கமாக மெல்லத் திருப்பினேன். அவன் எனக்கு நேராக வந்தபோது, கோலில் இருந்த எண்களைப் பார்த்தபடி சொன்னேன்.

“உங்கப்பா சர்வே ஆபீஸ்ல முப்பது வருஷமா கோல் பிடிக்கிறார். எல்லா ஆபீசரும் அவரைக் கோலுன்னுதான் கூப்பிடுவாங்க. ஒரு தடவைகூட லெவலுக்குள்ள பாத்ததில்ல. நீயாவது அந்தப் பக்கம் நின்னு பாருடான்னு உன்னை அனுப்பி வெச்சார். மூணு வருஷமா நீ பாக்கல.”

நெட்டை நின்றான். முக்காலியின் ஒரு கால் தளர்ந்து தொங்கியது, அதை முடுக்கினான். கேலி எங்கே வரப்போகிறது என்று காத்திருக்கிறான் என்று தோன்றியது. எனக்கும் அதே பயம்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“முப்பத்தொண்ணு” என்றான்.

“முப்பத்தோரு வருஷமா கோல் பிடிக்கிறார்” என்றேன். மிச்சத்தையும் முதலிலிருந்து, ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன்.

அவன் “ஆமா, அதான்” என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அறையில் அந்தப் பெட்டி கயிறு கட்டியபடிதான் இருந்தது. என் கோலின் அடியைக் குனிந்து பார்த்தான், புள்ளியில்தான் நிற்கிறதா என்று. நின்றது. தாண்டிப் போனான்.

ஐம்பது தப்படி தள்ளி முக்காலியை நிறுத்தி, குமிழியைச் சரி செய்து, கண்ணை வைத்தான். பிறகு இடது கையை நீட்டினான். கோல் சாய்ந்திருக்கிறது, இந்தப் பக்கம் கொண்டு வா என்று அர்த்தம்.

கோலைத் தோளில் முட்டுக் கொடுத்துக்கொண்டு, நகர்த்துவதற்கு முன்னால், அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிற மாதிரி நானும் இடது கையை நீட்டினேன்.